இத்தா நாட்களில் கட்டிய காயம்

அன்புள்ள சாச்சி,

இன்று வலைப்பந்து விளையாடும்போது ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். டீச்சர் மருந்துப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தார். மூடியைக் கழற்றியதும் நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அது உங்கள் அறையின் வாசம்.

சாச்சா மௌத்தாகி உங்களைத் தனியே விட்டுப் போவதற்கு முன்பு, மாதத்தில் ஒரு புதன்கிழமை உங்களுக்கு நீரிழிவுக் கிளினிக் நாள். விடுமுறைக் காலத்தில் நான்தான் துணை. பஸ் இருந்தும் ஏறமாட்டீர்கள். கடற்கரைப் பக்கமாக, கரைவலை இழுப்பவர்களைத் தாண்டி, மணலில் செருப்புப் புதையப் புதைய நடப்பீர்கள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து மற்றப் பெண்கள் தங்கள் நோய் வருத்தத்தைக் கதைக்க, நீங்கள் பாகற்காய் சமைக்கும் விதத்தைக் கதைப்பீர்கள்.

"சீனி வருத்தம் புருசன்ட உம்மா மாதிரி, புள்ள. மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்தாச் சத்தம் போடாது."

பக்கத்தில் இருந்தவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படாது என்று சுகாதாரப் பாடத்தில் நான் எழுதி, நல்ல புள்ளிகளும் வாங்கியிருந்தேன். உங்களோடு நடந்துகொண்டே அப்படி எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நடந்த காலத்தில்தான் நீங்கள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நடை நின்றபோது அதுவும் நின்றது.

சாச்சா போன அன்றே உங்களை இத்தாவில் இருத்தினார்கள். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். ஜன்னலுக்குச் சீலை அடித்தார்கள். கடல் இரையும், உங்களால் பார்க்க முடியாது. முதல் வாரம் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்து பார்த்தீர்கள். எட்டு அடிதான். பிறகு துக்கம் கேட்க வந்த பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், அந்த எட்டு அடியும் போனது. வந்தவர்கள் தொதலும் வட்டிலப்பமுமாக இனிப்புகளையே கொண்டுவந்தார்கள். நீங்கள் வேண்டாம் என்றால், "துக்க ஊட்டுக்குக் கொண்டுவந்தத திருப்பி அனுப்புறதா?" என்று என் உம்மாவே உங்கள் கையில் தட்டை வைத்தார். நீங்கள் வெறுமையாகக் குடிக்கும் பிளேன்டிக்கும் சீனி வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் உங்கள் பெருவிரலில் காயத்தைக் கண்டேன். வாசற்படியில் அடிபட்டதாம்.

"நோகல்லியா சாச்சி?"

"இல்ல. நோகாத காயமெல்லாம் ஒரு காயமா?"

"கிளினிக்குக்குப் போவம்."

"வாய மூடு. உன்ட உம்மாட்டயும் சொல்லிராத. இத்தாக்காரி றோட்டுல போறாள் எண்டு ஊரே கதைக்கும்."

குர்ஆன் மதரசாவில் மௌலவியிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "வருத்தம் எண்டாப் போகலாம் மகள். போகத்தான் வேணும்," என்றார். ஓடிவந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அவர் ஓம் எண்டுருவார். பக்கத்து வளவுக்காரியும் ஓம் எண்டு சொல்லணுமே. இன்னும் கொஞ்ச நாள்தானே. நீ கட்டிவிடு. படிச்ச புள்ளதானே."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். பள்ளியில் முதலுதவி படித்திருந்தேன். ஸ்பிரிட், பஞ்சு, கொதிக்க வைத்த வெள்ளைத் துணி. ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன். காயத்தின் வாசம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஸ்பிரிட்டை இன்னும் கூடுதலாக ஊற்றினேன். என்னை மதரசாவில் பார்த்தவர்கள், "சாச்சி எப்பிடி?" என்று கேட்டால், "நல்லா இருக்காங்க," என்பேன். அறையில் நீங்கள் இருந்தீர்கள், அந்தப் பொய்க்குள் நான் இருந்தேன். கதவைத் திறக்க எனக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சலில் நீங்கள் பிதற்றிய அன்றுதான் உம்மா போர்வையை நீக்கிப் பார்த்தார். வான் வண்டி பிடித்தார்கள். நடக்க முடியாத உங்களை மாமா தூக்க, யாரும் பார்த்துவிடாமல் பெண்கள் இருபுறமும் சீலையைப் பிடித்தார்கள். இத்தா முடிய ஒன்பது நாள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த நர்ஸ் மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாரு கட்டினது?"

நான் என்றேன்.

"வடிவாத்தான் கட்டியிருக்கிறாய் பிள்ளை," என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "இவ்வளவு வடிவாக் கட்டாம விட்டிருந்தா, வீட்டாக்கள் எப்பவோ கண்டிருப்பாங்க."

காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் நேரம் இருக்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் நீங்கள் போனீர்கள்.

என்னை யாரும் ஏசவில்லை, சாச்சி. "கடைசி வரைக்கும் நல்லாப் பாத்தாள்," என்று உம்மா வருகிறவர்களிடம் சொல்கிறார். அதைக் கேட்டபடி தேநீர் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பொய்யை விட்டு வெளியே போக வழி தெரியவில்லை.

போன மாதம் உம்மாவுக்கும் சீனி இருக்கிறது என்றார்கள். நேற்று வெடித்த குதிக்காலை என் முன்னால் நீட்டினார்.

"ஆஸ்பத்திரி என்னத்துக்கு? அங்க போனா ஒரு நாள் போயிரும். நீ கட்டினாலே காணும். உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியா, உம்மா."

அவர் சிரித்தார். உங்கள் காயத்தை எத்தனை நாள் மறைத்தேன் என்பதை அப்போதுதான் சொன்னேன். மிஸ் சொன்னதையும் சொன்னேன். உம்மா காலை மெல்ல இழுத்துக்கொண்டார். இன்று நான் பள்ளிக்குப் புறப்பட்டபோது, கிளினிக்குக்குத் துணைக்கு வரச்சொல்லிப் பக்கத்து வளவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது." உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது. இனி யார் காலை நீட்டினாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் மகள்