மூன்று லட்சம் முட்டைகள்

பூந்தமல்லித் தோழிக்கு,

ஐந்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. நல்ல செய்தி.

நம் ஆய்வகத்தில் சிங்கி இறாலின் முட்டையை எண்ண இனி அதைக் கொல்ல வேண்டாம். வாலடியில் ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்தை அளந்து, ஒரு சிட்டிகை முட்டையை மட்டும் எடுத்து எண்ணி, மொத்தத்தைக் கணக்கிடுகிறோம். வலையிலேயே செத்து வந்த ஒன்றில் சோதித்தேன். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் என்று வந்தது. பிறகு ஆறு பேர் பத்து நாள் உட்கார்ந்து முழுதாக எண்ணினோம். மூன்று லட்சத்து இரண்டாயிரம்! அங்கேயே அழுதுவிட்டேன்.

"முட்டை சுமக்கறத கொல்லாதடி" என்று நீ கெஞ்சிய அன்று, எல்லோர் முன்னாலும் நான் உன்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதக் கை வரவில்லை. நீ வேலையை விட்டுப் போன பிறகும் எழுபது சிங்கிகளை வெட்டினேன்.

நேற்று, அளந்து முடித்த ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் காசிமேட்டுக்கு உயிரோடு கொண்டுபோனேன். படகுக்காரர் உலகநாதன் சிரித்தார்.

"இன்னாம்மா, இம்மாம் பெருசு கீது, கடல்ல உடச் சொல்ற?"

"முட்டையோட கீது அண்ணாத்தே. உட்டுடுங்க."

தண்ணீர் பட்டதும் அது வாலை ஒரு சுண்டு சுண்டிப் பின்பக்கமாகவே பாய்ந்து மறைந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இந்த முறையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் என் பெயருக்கு முன்னால் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் அடித்துவிடு. ஆனால் அதை அடிக்க நீயே பருத்திப்பட்டு ஆய்வகத்துக்கு வரவேண்டும்.

காத்திருக்கும்,
உன் பக்கத்து நாற்காலிக்காரி