ஈரலும் இளவரசரும்

தோர்ன்கில், யார்க்‌ஷயர்
10 ஜூன் 1996

அன்புள்ள டங்கன்,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம். நீயும் மோனாவும் மூன்று வாரப் பாப்பாவும் நியூசிலாந்துக் குளிரில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பாப்பாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு, உன் காதாக இருந்தால் பெரிய தொப்பியாகவே போடு. ஹேசலின் கல்யாணம் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது, மழை சர்ச் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது, நீ வர முடியாததில் உன் தங்கைக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. போட்டோ கழுவி வந்ததும் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் உன் அப்பா பேசிய கதையைச் சொல்லியாக வேண்டும். ஆமாம், அவரேதான் பேசினார். பெண்ணைப் பெற்றவர் விருந்தில் எழுந்து பேச வேண்டுமே என்ற கவலை கிறிஸ்துமஸிலிருந்தே இந்த வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நூறு பேர் முன்னால் திக்கிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்று உன் லெஸ்லி மாமாவிடம் அந்த வேலையைத் தள்ளிவிட்டார். ஹேசல் சிரித்துக்கொண்டே சரிப்பா என்றாள், பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்டது.

மே மாதம் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பேச்சு திக்கும் ஒரு இளவரசர் பின்னால் ராஜாவாகி, திக்கலை ஜெயித்து நாட்டு மக்களிடம் பேசுகிற பழைய காலத்துக் கதையாம். நம் கம்பளிச் சந்தைக் கட்டடம் பிடித்துப்போய், கூட்டத்துக்கு ஊர் ஆட்களே போதும் என்றார்கள். வேஷத்துக்கு எனக்குக் கழுத்தில் சுற்ற ஒரு செத்த நரித் தோல், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை, அப்பாவுக்கு வட்டத் தொப்பி. இளவரசர் மேடையில் “இந்தச் சந்தையை” என்று ஆரம்பித்து நின்றுவிடுவார், நாங்கள் அறுபது பேரும் சங்கடத்தில் காலைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேமரா ஓடியது, நடிகர் நின்றார், தாடை துடித்தது, அச்சு அசல் உன் அப்பா. பின்னாலிருந்து கசாப்புக் கடை ஸ்டான் “திறந்து வைக்கிறேன்” என்று எடுத்துக் கொடுத்துவிட்டான். இமோஜன் என்று ஒரு சின்னப் பெண்தான் டைரக்டர், பொறுமைசாலி, மறுபடியும் எடுத்தாள். இரண்டாம் தடவை எடுத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய், நானேதான், வாய் தானாகத் திறந்துகொண்டது. மூன்றாம் தடவை பாதிரியார், அவரோடு பாதிக் கூட்டமும். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, “உங்க ஊருக்கே என்னங்க ஆச்சு, அவரைத் திக்க விடுங்களேன்” என்றாள். அறுபது தலையும் உன் அப்பா பக்கம் திரும்பின. நாற்பது வருஷமாக அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தே பழகிய ஊர், வேறென்ன செய்யும்.

அந்தப் பெண் அவர் பக்கத்தில் வந்து நின்று, இப்படி எல்லாரும் எடுத்துக் கொடுப்பது உங்களுக்கு உதவியா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. அவர் ரொம்ப நேரம் மல்லாடினார். கடைசியில் வந்தது இதுதான்: “ஒரு பவுண்டுன்னு ஆ...ஆரம்பிச்சா ஸ்டான் ஈரல்னு முடிச்சிடுவான். எனக்கு வே...வேண்டியது சாசேஜுங்க.” டங்கன், முப்பது வருஷமாக நாம் வியாழக்கிழமைதோறும் தின்ற ஈரலை நினைத்துப் பார். நீ மேஜைக்கடியில் நாய்க்குத் தள்ளிவிட்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அப்பாவுக்கு ஈரல் உயிர் என்றல்லவா நான் சமைத்துப் போட்டேன். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார், ஸ்டானுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. நாலாம் தடவை ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கார்பரோ கடற்கரையில் அவர் “எத்தல், நாம” என்று ஆரம்பித்து நின்றபோது, “கல்யாணம் பண்ணிக்கலாம், சரி” என்று முடித்து வைத்தவள் நான். இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, அன்றைக்கு நிஜமாக என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், தேநீரே ஆறிவிட்டது. “டீ கு...குடிக்கப் போலாமான்னு கேக்க வந்தேன். நீ சொன்னது அ...அதைவிட நல்லா இருந்துது” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அதோடு விடவில்லை, லெஸ்லியை உட்காரச் சொல்லு, என் பெண்ணுக்கு நானே பேசுகிறேன் என்றார். அந்த வாக்கியத்தை அவரே முடித்தார்.

சனிக்கிழமை எழுந்து நின்றார். இரண்டு நிமிஷம் பேச வேண்டியதை எட்டு நிமிஷம் பேசினார். ஹேசலின் பெயரிலேயே மாட்டிக்கொண்டார், நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன், ஸ்டான் ஒரு முழு ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஹேசல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், பெயர் வந்ததும் எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், அப்பா “இ...இன்னும் முடியலைம்மா, உக்காரு” என்றார். பிறகு முழுவதையும் பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை இனி சாசேஜ்தான். ராத்திரி பாப்பா அழுதால் நீ எழுந்து பார், மோனாவைத் தூங்க விடு, பாலூட்டுகிறவள், நேரத்துக்குச் சாப்பிடட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், பாப்பாவின் இரண்டு காதிலும் எங்கள் முத்தம்.

ஒன்றை மறக்காதே. அப்பா சொன்னார் என்று இத்தனை வருஷம் போனில் உன்னிடம் நான் சொன்னதெல்லாம் நானாகச் சொன்னதுதான். இந்த ஞாயிறு போனை அவரே எடுப்பார். சத்தமே வராது, லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடாதே. உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். என்ன என்று எனக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்காமல் காத்திரு.

வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகும்,
உன் அம்மா
எத்தல்