அம்மன் பதாகைக்குப் பின்னால் நின்ற அறிவிப்புப் பலகை

அனுப்புநர்:
ஞானசம்பந்தம் த/பெ கன்னையா,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
எண் 9, லோரோங் செலாசே,
கம்பம் செலாசே, கிள்ளான்.

பெறுநர்:
திரு. யுகேந்திரன் அவர்கள்,
உறுப்பினர், திட்டமிடல் குழு,
புக்கிட் செலாசே நகராண்மைக் கழகம்.

பொருள்: எங்கள் கிராமமான கம்பம் செலாசேயின் ஒரே பாதையை அடுக்ககத்தின் நுழைவாயிலாக்கும் அனுமதியை மறுபரிசீலனை செய்து, ஆட்சேபக் காலத்தை மீண்டும் திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலாய் மொழியில் எழுதிய இதன் சுருக்கத்தைத் திட்டமிடல் பிரிவில் ஏற்கெனவே சேர்ப்பித்துவிட்டேன். அதில் நடந்தது மட்டுமே இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதை விளக்கத் தமிழே எனக்கு வசதி என்பதால் தங்களுக்குத் தனியே எழுதுகிறேன்.

1. கம்பம் செலாசேயில் முப்பத்தேழு வீடுகள் உள்ளன. பெரிய சாலைக்குப் போக எங்களுக்கு இருப்பது லோரோங் செலாசே என்ற ஒரே சந்து. அதன் அருகிலுள்ள பழைய செம்பனைத் தோட்ட நிலத்தில் இருபத்திரண்டு மாடி அடுக்ககம் கட்டக் கடந்த செப்டம்பர் 18-ஆம் தேதி அனுமதி வழங்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி, எங்கள் சந்தின் வாயில் இரும்புக் கதவும் காவலர் அறையும் வருகின்றன. நாங்கள் பின்பக்கப் பாலம் வழியாகப் போய்வர வேண்டும். கதவு வேலை நவம்பர் முதல் தேதி தொடங்குகிறது.

2. வீடுகள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அம்மையார், இன்னும் கட்டப்படாத பத்தாவது மாடியில் கிழக்கு பார்த்த வீடொன்றைத் தம் மகளுக்காகத் தேர்ந்தெடுத்து, திரைச்சீலையின் நிறம் வரை முடிவு செய்துவிட்டார். எங்கள் ஆட்சேபம் கதவைப் பற்றியது மட்டுமே.

3. வரைபடத்தில் 'மாற்றுச் சாலை' என்று குறிக்கப்பட்டுள்ள பாலத்தை நான் அளந்து பார்த்தேன். அகலம் நாலடி மூன்று அங்குலம். இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகக் கொடுத்தால் இப்படிக் கொடுப்பேன்: ஒரு வேனின் அகலம் ஆறடி, பாலத்தின் அகலம் நாலடி மூன்று அங்குலம், காலை ஆறு மணிக்குப் புறப்படும் வேன் எத்தனை மணிக்கு அக்கரை சேரும்? வகுப்பில் கடைசி வரிசை மாணவனும் சரியான விடை சொல்லிவிடுவான்.

4. அந்த வேன் கற்பனை வேன் அன்று. எங்கள் சந்தின் கடைசி வீட்டில் இருக்கும் தாயம்மாள் அவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வேன் வந்து, அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிச் செல்கிறது. ஒரு முறை தவறினால் கால் வீங்கிவிடும். இரண்டு முறை தவறினால் மருத்துவமனைதான். கதவு வந்தபின் வேன் எங்கே வந்து நிற்கும் என்று விண்ணப்பித்த நிறுவனத்தாரிடம் கேட்டேன். அடுக்ககத்தில் குடியிருப்போரின் வாகனங்களுக்கு மட்டுமே கதவு திறக்கும் என்று பணிவாகப் பதில் எழுதினார்கள்.

5. மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கலாம் என்றும் அக்கடிதத்தில் யோசனை கூறியிருந்தார்கள். எந்த யோசனையையும் செய்து பார்த்தபின் தள்ளுவதே முறை. ஆகவே தாயம்மாள் அவர்களின் எடைக்கு ஈடாக அரிசி மூட்டைகளை என் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிப் பாலத்தில் ஏறினேன். (அவரிடம் எடையைக் கேட்டதற்குக் கிடைத்த பதிலை மனுவில் எழுத இயலாது.) நடுப்பாலத்தில் வண்டி சாய்ந்தது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அரிசிக்குக் கை இல்லாததால் அது கால்வாயில் விழுந்தது. கரையில் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாயம்மாள், "சார், அரிசிய கூப்பிட்டுக் கேளுங்க, வசதியா இருந்துச்சான்னு" என்றார்.

6. இத்தனை இடர் இருந்தும் முப்பத்தேழு வீட்டாரில் ஒருவர்கூட ஏன் இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயம். அதற்குக் காரணமானவர்களில் முதல் ஆள் நானே.

7. எங்கள் மாரியம்மன் கோயில் செயலாளர் பொறுப்பு பதினோரு ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. ஆடித் திருவிழாப் பதாகையை, சந்தின் வாயிலுள்ள மாமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கட்டுவது வழக்கம். 2023-இல் மாங்கிளை முறிந்து, பதாகை ஒரு லோரியின் மேல் விழுந்தது. ஓட்டுநருக்குத் தெரியவில்லை, அம்மன் சுங்கை பூலோ வரை போய்விட்டாள். மறுநாள் அவரே ஒரு தேங்காயுடன் கொண்டுவந்து ஒப்படைத்தார். அதற்குப் பிறகு, பதாகை கட்ட இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டுத் தரும்படி தங்கள் கழகத்துக்கு மனு கொடுத்தேன். பதில் வரவில்லை.

8. இவ்வாண்டு ஜூலை 11, வெள்ளிக்கிழமை மாலை, சந்தின் வாயில் இரண்டு புதிய இரும்புக் கம்பங்கள் நின்றன. உறுதியானவை, அடியில் சிமெண்டு பூசியிருந்தது. நான் மனுவில் கேட்ட அதே இடம். ஐயா, அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன். அரசாங்கத்துக்கு மனு எழுதினால் பலன் உண்டு என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களுக்குக் கடிதப் பயிற்சி கொடுத்தவன் நான். அன்று இருட்டுவதற்குள் பத்தடிப் பதாகையை நானும் கோயில் தலைவர் சிவநேசன் அவர்களும் அந்தக் கம்பங்களில் இழுத்துக் கட்டினோம். சிவநேசன் முடிச்சை இரண்டு முறை போட்டார்.

9. மறுநாள் சனிக்கிழமை, நாங்கள் கோயிலில் பந்தல் வேலையில் இருந்தபோது, அந்தக் கம்பங்களில் மாட்ட வேண்டிய எட்டடி அறிவிப்புப் பலகையுடன் நிறுவனத்தின் ஆட்கள் வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள். அவர்களின் மேற்பார்வையாளர் முகமது ரஃபீக் அவர்களைப் பின்னர் தேடிப்பிடித்து விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், அம்மன் நேரா பாத்துக்கிட்டு நிக்குது. அவுத்தா எங்க வைக்கிறது, மண்ணுலயா? நம்ம பசங்க செருப்ப கழட்டிட்டு நிக்கிறாங்க. நானும் ஒண்ணும் சொல்லல. பலகைய பின்னாடி மாட்டிட்டு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிட்டோம்." அவர் காட்டிய மரியாதையில் நான் குறை காணவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

10. ஆகவே ஆட்சேபக் காலமான இருபத்தொரு நாளும் பலகை அம்மனுக்குப் பின்னால் இருந்தது. பின்பக்கம் அதில் எழுத்து இல்லை. பதாகை விறைப்பாக நிற்கக் கழகம் தகரம் வைத்துக் கொடுத்திருப்பதாகவே எண்ணினோம். திருவிழா மேடையில் அதற்காகவும் கழகத்துக்கு நன்றி கூறினேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஆகஸ்டு 11-ஆம் தேதி பதாகையை அவிழ்த்தபோதுதான் அறிவிப்பைப் படித்தோம். கடைசி நாள் ஆகஸ்டு 1 என்றிருந்தது. சிவநேசன் அவர்கள் பதாகையைக் கையில் பிடித்தபடியே, "சார், திருப்பிக் கட்டிடலாமா?" என்றார்.

11. அண்டை நிலத்துக்காரர்களுக்குக் கடிதம் அனுப்பப்பட்டதாகக் கோப்பில் உள்ளது. உண்மைதான். ஆனால் எங்களுக்கும் அந்த நிலத்துக்கும் இடையில் எட்டடிக் கால்வாய் ஒன்று ஓடுவதால், விதிப்படி அண்டை நிலத்தார் நாங்கள் அல்லோம், கால்வாயே. கடிதம் கால்வாயின் பெயரில் வடிகால் துறைக்குப் போயிருக்கிறது. கால்வாய் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

12. ஆகஸ்டு 12-ஆம் தேதியே நகராண்மைக் கழகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த வாணி என்னும் அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், டேட் முடிஞ்சிருச்சு. இருபத்தோரு நாளுக்குள்ள வந்த லெட்டர் மட்டும்தான் குழு பார்க்கும்" என்றார். விதி அதுவென்றால் அவர் என்ன செய்வார். வீட்டுக்குத் திரும்பித் தாயம்மாள் அவர்களிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வேன் வர வரைக்கும் வரட்டும் சார்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

13. அனுமதி வழங்கப்பட்ட பின், முறைப்படி விண்ணப்பித்து, செப்டம்பர் 29-ஆம் தேதி கோப்பைப் பார்வையிட்டேன். அதில் இரண்டு தாள்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலாவது, அறிவிப்புப் பலகை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதற்குச் சான்றாக நிறுவனம் இணைத்துள்ள புகைப்படம். அதில் பலகை இல்லை. மாரியம்மன் இருக்கிறாள். கீழே 'அனைவரும் வருக, அன்னதானம் பகல் 12 மணி' என்று தெளிவாகப் படிக்கலாம். அதன் மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை உள்ளது.

இரண்டாவது, ஜூலை 14 தேதியிட்டு, ஜூலை 15-இல் பெறப்பட்டதாக முத்திரையிடப்பட்ட ஒரு கடிதம். அதை எழுதியவன் நான். இரும்புக் கம்பங்களுக்கு நன்றி தெரிவித்து, அவற்றில் அம்மன் பதாகையைக் கட்டிவிட்டதாகவும், ஆகஸ்டு 10 வரை அது அங்கேயே இருக்கும் என்றும், கம்பங்கள் மிகப் பொருத்தமான இடத்தில் அமைந்துள்ளதாகவும் எழுதியிருக்கிறேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

14. எனவே ஐயா, கதவு வேலை தொடங்குமுன் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தாங்கள் எங்கள் சந்துக்கு வந்து பார்க்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளியில் வந்தால் வேனையும் பார்க்கலாம். அந்த நிலத்தின் தெற்கு எல்லை பெரிய சாலையையே தொடுகிறது. நுழைவாயிலை அங்கே மாற்றினால் இருபத்திரண்டு மாடிக்கும் குறைவில்லை. அதுவரை கதவு வேலையை நிறுத்தி, அறிவிப்பை மக்கள் படிக்கும்படி வைத்து, இருபத்தொரு நாள் மீண்டும் தர வேண்டும். பலகையைக் கோயில் வாசலிலேயே வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

15. இருபத்தொரு நாளுக்குள் வந்த கடிதத்தை மட்டுமே குழு பார்க்கும் என்றால், அப்படி வந்த கடிதம் ஒன்றே ஒன்று, என்னுடைய நன்றிக் கடிதம். அந்த நன்றியை இம்மனு மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதே கடிதத்தை, பெறப்பட்ட அதே தேதியில், எங்கள் ஆட்சேபமாகப் பதிவு செய்துகொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

தங்கள் வருகையைத் தாயம்மாள் அவர்களும் நானும் சந்தின் வாயில் எதிர்பார்த்திருப்போம்.

இடம்: கம்பம் செலாசே, கிள்ளான்
நாள்: 6 அக்டோபர் 2025

உண்மையுள்ள,
(ஞானசம்பந்தம் த/பெ கன்னையா)

இணைப்பு: புகைப்பட நகல்; ஜூலை 14 கடித நகல்; பாலத்தின் அளவு; முப்பத்தேழு வீட்டாரின் கையொப்பம். லோகேஸ்வரி அம்மையார் தம் கையொப்பத்துக்குக் கீழே, 'பத்தாவது மாடி வீட்டுக்கு இது பாதகமாகாது என்ற நம்பிக்கையில்' என்று எழுதியுள்ளார்.