பிடிக்கலைன்னு சொன்ன பிறகு

இன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண்ணின் மடியில் அந்த நாவல் இருந்தது. அதே கறுப்பு அட்டை. மோட்டார் சைக்கிளில் ஒருவன், அவன் முதுகில் முகம் புதைத்த ஒருத்தி. அதைப் பார்த்ததும் உன் குரல்தான் கேட்டது: "ஏளா, இவன் அவளைக் காதலிக்கலை, காவல் காக்கான்."

துறைமுகத்துக்கு வெளியே கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நாம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். நாசரேத் ஊர்க்காரி நீ, காதில் ஹெட்போன் மாட்டி மெட்டல் ராக் பாட்டு கேட்டுக்கொண்டே சரக்குக் காகிதங்களைத் தட்டச்சு செய்வாய். நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அந்த நாவலை, வேலைக்கு வந்த பிறகும் திரும்பத் திரும்பப் படித்து அழுதவள். ஆசையாய் உன்னிடம் கொடுத்தேன்.

கதாநாயகன் அவளுடைய பேருந்துக்குப் பின்னாலேயே தினமும் வருவான். அவள் யாரிடம் பேசுகிறாள் என்று பார்ப்பான். ஒருநாள் கோபத்தில் அவள் போனைப் பிடுங்கி ஏரியில் எறிவான். தன்னை இப்படி யாரும் நேசித்ததில்லை என்று அவள் உருகுவாள். நான் அழுத இடம் அதுதான். நீ மடித்து வைத்திருந்த பக்கமும் அதுதான். "புதுப் போனாவது வாங்கிக் குடுப்பான்னு கடைசி வரைக்கும் பார்த்தேன். அதுவும் இல்லை" என்றாய்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மணிக்கொரு தரம் போன் செய்து, எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று கேட்பார். அதைப் பெருமையாக உன்னிடம் சொல்லியும் இருந்தேன். நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, புத்தகத்தைப் பற்றித்தான் பேசினாய். ஆனாலும் எனக்குச் சுட்டது. சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு உன்னோடு உட்காரவில்லை.

பிறகு நீயே ஹெட்போனை என் மேசையில் வைத்தாய். "உன் புஸ்தகத்தை நான் முழுசாப் படிச்சேன்லா. என் ஆல்பத்தை நீ முழுசாக் கேளு. பிடிக்கலைன்னா சொல்லு."

கேட்டேன். கிரேனிலிருந்து கன்டெய்னர் நழுவி விழுந்ததுபோல் முதல் பாட்டு தொடங்கியது. பாடியவர் தொண்டை கிழியக் கத்தினார். கடைசிப் பாட்டில் மட்டும் எல்லாம் அடங்கி ஒற்றை கிடார் வந்தது. உன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரிந்தேன். கடைசியில், அந்த ஒரு பாட்டைத் தவிர எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உன் முகத்தையே பார்த்தேன்.

"அம்புட்டுதானே? இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு அலைஞ்ச?" என்று சிரித்தாய். டப்பாவைத் திறந்து, பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சில், எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் திருமணம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என் போனை வாங்கிப் பார்த்தார். உன் பெயரில் விரலை வைத்து, "ஆபீஸ்ல பேசுதது போதாதா? இந்த நம்பரை அழிச்சிரு" என்றார்.

"எனக்கு அது பிடிக்கலை."

அவர் காதில் விழாததுபோல் திரும்பக் கேட்டார். நானும் திரும்பச் சொன்னேன். அப்படியென்றால் இந்தக் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மிரட்டினார். நான் யோசித்துவிட்டேன் என்றேன். அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டேன்.

அம்மா அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கும் நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யார் யார் பெயரோ வந்தது. என் பெயர் வரவில்லை. அன்று மத்தியானம் நான் தூங்கியதுபோல் அதற்கு முன் எத்தனையோ மாதங்களாகத் தூங்கியதில்லை.

'நான் அப்பவே சொன்னேனே' என்று நீ சொல்லவில்லை. "அந்த நாவலுக்கு ரெண்டாம் பாகம் வந்திருக்காம், வேணுமாளா?" என்று மட்டும் கேட்டாய். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சில வருடங்களில் உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் மாற்றி ஆள் ஜெபிக்க வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் நீ என் கையை லேசாக அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் எழுந்து போய் வாசலை மறித்து நின்றேன்.

"அவ தூங்கணும் அண்ணாச்சி. இப்ப வேண்டாம்."

ஜெபிக்க வந்தவரின் முகம் சுருங்கியது. நான் நகரவில்லை. அவர் திரும்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கண்ணைத் திறக்காமலே, "நல்லாப் பேசப் படிச்சிட்ட" என்றாய். அன்று விளக்கு வைக்கும் நேரம்வரை வலி தெரியாமல் தூங்கினாய்.

நீ இல்லாத துக்கம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால், வேண்டாம் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறுமோ என்று பயந்து பயந்து வாழ்ந்தேனே, அந்தப் பயம் போய்விட்டது. அது இருந்த இடம் இன்றைக்கும் பாரமில்லாமல் இருக்கிறது.