வெல்லம் உடைத்த சுத்தியல்

மாமியார் அடுப்பில் வெல்லப்பாகு காய்ச்சுகிறார். நாளைக்கு எனக்கு வளைகாப்பு. வீடு முழுக்க அந்த வாசனை. நான் மட்டும் தாங்க முடியாமல் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். மசக்கை என்று கேலி செய்கிறார்கள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை? உன் நினைப்புதான். இதை வேறு யாரிடம் சொல்ல? செத்துப்போனால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தாயா? உட்கார்ந்து கேள்.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிகள் நிற்கிற தண்டவாளத்துக்குப் பின்னால் நாம் வேலை பார்த்த தகர ஷெட். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடுகளைப் பிரிப்பதுதான் வேலை. நீ வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே வருவாய். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பாய். ஆனால் உனக்குப் பேசாமல் இருக்க முடியுமா? கொஞ்ச நேரத்தில் அது கழுத்துக்கு இறங்கிவிடும். சாம்பல் நிறத் தூள் நம் கண் இமைவரை படிந்திருக்கும். "கண்ணாலத்துக்கு நீ பவுடர் வாங்க வாணாண்டி, ஓனரே பூசி வுடுறாரு" என்பாய்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஓனர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பார். உள்ளே போன தூளையெல்லாம் வெல்லம் வாரிக்கொண்டு போய்விடும் என்பது அந்த ஷெட்டில் வேதவாக்கு. உருண்டை கல் மாதிரி இருக்கும். பேட்டரி உடைத்த சுத்தியலாலேயே நீ அதை உடைப்பாய். பெரிய துண்டு எப்போதும் எனக்கு. குழாய் தெருமுனையில் இருந்தது. அங்கே போய்க் கை கழுவிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் விட்டு வைப்பார்களா என்ன?

"துன்னுடி. உள்ள கீற கலீஜெல்லாம் இத்தோட பூடும்."

"நெஜமாவா?"

"பின்ன? என்னியப் பாரு, எப்டி கீறேன்."

அப்படிச் சொன்ன நீதான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நாக்கில் இரும்பு ருசி போகவே மாட்டேன் என்கிறது என்று இன்னும் கொஞ்சம் வெல்லம் வாங்கித் தின்றாய். பிறகு உன் மணிக்கட்டு துவண்டது, சுத்தியல் கையில் நிற்கவில்லை. பிறகு கால் வீங்கியது. கிட்னி போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று என்னிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நான்தான் வெல்லம் சரியா துன்னல போலக்கீது." இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னை அடக்கம் செய்த பிறகு நான் அந்த ஷெட் பக்கம் போகவில்லை. கல்யாணமாகி திருவொற்றியூர் வந்தேன். பல வருஷம் கழித்து இந்தப் பிள்ளை தங்கியிருக்கிறது. நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நம்பினேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுவாக்கில் பழைய வேலையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அம்மா உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம்.

"அந்த வேலய வுட்டு எவ்ளோ வருசம் ஆச்சு மேடம். வெளிய பூட்டிருக்காதா?"

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். சாராயமோ மாத்திரையோ உள்ளே போனால் ஈரல் அதை உடைத்து வேறொன்றாக்கும், பிறகு அது மூத்திரத்திலும் மலத்திலும் போய்விடும். ஈயம் உலோகம். அதை உடைக்க ஈரலால் ஆகாது. கிட்னி கொஞ்சம் கொஞ்சமாக வடித்து வெளியே தள்ளும், தள்ளித் தள்ளி அதுவே கெட்டும் போகும். மிச்சத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி உடம்பு எலும்புக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்காக அது அங்கேயே கிடக்குமாம்.

"அப்ப இப்ப ஏன் மேடம் ரத்தத்துக்கு வந்துச்சு?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "குழந்தைக்கு எலும்பு வளருதில்லம்மா. அதுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உங்க எலும்புலேருந்தும் எடுக்கும். அதோட இதுவும் கலந்து வரும்."

சத்து மாத்திரை எழுதினார், பால் குடிக்கச் சொன்னார், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை. நான் வெட்கத்தை விட்டு வெல்லத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வெல்லம் எதையும் வெளிய எடுக்காதும்மா. அப்பல்லாம் சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுவீங்களா?"

அந்தச் சுத்தியலும் உன் சாம்பல் விரல்களும் கண்முன் வந்தன. மருந்து என்றுதானே தின்றோம்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்குத் தெரிந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய்.

மாமியார் ஒரு துண்டு வெல்லத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். "துன்னு கண்ணு, புள்ளைக்கு நல்லது" என்கிறார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் நெடுநேரம் தேய்த்துக் கழுவினேன். கை சுத்தமாகத்தான் இருக்கிறது.

வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது. காலில் நல்ல வலு. நீ எனக்குக் கொடுத்த பெரிய துண்டுகளெல்லாம் இன்னும் என் எலும்பில் இருக்கின்றன. அதில் ஒரு துளிகூட இதற்குப் போகக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வமில்லை. என் உடம்பு என்னைக் கேட்காமலே எடுத்து ஊட்டிக்கொண்டிருக்கிறது.