சிங்கத்தின் கண்

ராயபுரம்
12-3-1931

அன்புள்ள சிநேகிதனுக்கு,

திருச்சியில் டிராயிங் மாஸ்டர் வேலை உனக்குப் பழகியிருக்கும். நீ ரயிலேறிய அன்று நான் கோபத்தில் பேசியதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

கலைப் பள்ளியில் தேறியதும் நாம் சேர்ந்து பிடித்த கடையை நான்தான் நடத்தி வருகிறேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. பிறகு மீன் விற்கும் பூவம்மா வந்து, குப்பத்து அம்மனுக்கு மரத்தில் சிங்க வாகனம் செய்யச் சொன்னாள். செதுக்குவது நான், வண்ணம் தீட்டுவது நீ என்றுதானே பேசியிருந்தோம்? செதுக்கி, உடம்புக்கு வண்ணமும் நானே பூசிவிட்டேன். கண்ணை மட்டும் எழுதாமல் பத்து நாள் வைத்திருந்தேன்.

நேற்று பூவம்மா வந்து பார்த்தாள்.

"இன்னா நைனா, சிங்கம் கண்ணில்லாம கீது?"

"கண் எழுதுகிறவர் வெளியூர் போயிருக்கிறார்."

"நாளைக்குத் திருவிழா. அவரு வர்ற வரிக்கும் ஆத்தா காத்துகினு இருக்குமா?"

வேறு வழியில்லாமல் நானே தூரிகையை எடுத்தேன்.

இன்று காலை குப்பத்தார் அதைத் தோளில் தூக்கிப் போனார்கள். "சோக்கா கீது" என்று பூவம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்களோடு வந்திருந்த எண்ணூர்க்காரர் ஒருவர் கடையிலேயே தம் ஊர்க் கோயிலுக்குக் குதிரை வாகனம் கேட்டார். எல்லாரும் போனபின் நான் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இடது கண் சற்றுப் பெரிதாகிவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் உள்ளே நுழைந்ததுமே சொல்லியிருப்பாய்.

குதிரையைச் செதுக்கி முடிக்கச் சித்திரைக் கடைசி ஆகும். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதானே விடுமுறை?

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி