நம் டிராலி பேக்கை விற்ற கதை

தோஸ்த்,

இன்று காலை நம் டிராலி பேக்கைத் துடைக்க எடுத்தேன். உள்ளே கை விட்டதும் சந்தன சோப்பு வாசனை. மைசூரில் நீ பேரம் பேசி வாங்கிப் போட்ட சோப்பு. அதை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டு, தேய்த்துக் கரைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வாசனை மட்டும் ஏன் இன்னும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

ஆமாம், விற்கத்தான் துடைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ போய் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த கையோடு, உன் மகள் பெங்களூருக்குக் குடிபோகிற அவசரத்தில் இதை இழுத்துக்கொண்டு வந்தாள். "இது ஒங்க ரெண்டு பேரோடதுதானே ஆன்ட்டி" என்று வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். என் வீடு உனக்குத் தெரியாதா? ஒரே அறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கிறது. காலையில் எழுந்தால் கால் அதில்தான் இடிக்கிறது. இடிக்கும்போதெல்லாம் நாம் போகாமல் விட்ட கன்னியாகுமரி நினைவுக்கு வருகிறது. அது வெளியே போனால்தான் எனக்கு நிம்மதி.

அதற்கு நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குப் படம் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கைப்பிடி ஓரத்தில் ஒரு கீறல். பக்கவாட்டில் ஒரு நூல் பிரிந்திருந்தது. ஒரு சக்கரத்தில் தார்க் கறை. இன்னும் இரண்டு சின்னக் குறைகள். என் கை தானாகப் பர்சுக்குள் போய், கம்பெனி ஸ்டிக்கரை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டிவிட்டது. மொத்தம் ஐந்து. அப்படியே படமும் எடுத்துப் போட்டுவிட்டேன்.

நம் தெருவில் யாருக்கு அந்த ஸ்டிக்கர் தெரியாது? பாதிப் பேர் ஷூ கம்பெனி. சிவப்பு அம்பு ஒட்டினால் அந்த ஜோடி பாஸ் ஆகவில்லை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஐந்து நிமிடத்தில் எதிர் வீட்டு கௌரி வந்துவிட்டாள். தையல் செக்‌ஷன்காரி, சும்மா விடுவாளா?

"இன்னாக்கா, கம்பெனில ரிஜெக்ட் பண்றது பத்தாதுன்னு வீட்லயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தாள். பிறகு மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "ரெக்சினா? ஆம்பூர்ல தோலுக்கு நடுவுல இருந்துகினு ரெக்சின் பேக்கா?" என்றாள். ஜிப்பை நாலு முறை இழுத்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு குழுவில் சிரிக்கிற பொம்மைகள்தான் வந்துகொண்டிருந்தன. நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் நடந்திருக்காது. ஒரே செக்கிங் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான் அம்பு ஒட்டித் தள்ளியதை நீ எடுத்து, விரலில் எச்சில் தொட்டுத் துடைத்து, பாஸ் பெட்டியில் போடுவாய். "கால்ல போடப் போறான், மூஞ்சிலயா மாட்டிக்கப் போறான்? பேஜார் பண்ணாதடி" என்பாய். நான் உன்னிடம் சண்டை போடுவேன். சூப்பர்வைசர் என் பக்கம்தான் பேசுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமையில் மண் விழ. ஷூவில் குறை பார்த்த கண்ணால் நாளிலும் குறை பார்த்தேன். நீ கன்னியாகுமரி என்று ஆரம்பித்தபோது, நோன்பு வருகிறதே உனக்குக் கஷ்டம் என்றேன். நோன்பு முடிந்ததும் ஏற்றுமதி அவசரம், லீவு தரமாட்டார்கள் என்றேன். லீவு கிடைத்தபோது மழை என்றேன். மழை விட்டதும் என் முழங்கால். எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால் என்ன? ஒருநாள் டீ இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தாய். அந்த நாளில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. நல்ல வெயில், மறுநாள் விடுமுறை.

சாயங்காலம் பின் தெரு கோமதி வந்தாள். கலவை ஊர்ப் பக்கத்துக்காரி, கம்பெனி வேலை தெரியாது. மகளை வேலூரில் நர்சிங் ஹாஸ்டலில் சேர்க்கிறாளாம். அம்புகளைப் பார்த்து, "பசங்க ஒட்டிச்சுங்களா?" என்று கேட்டு நகத்தால் உரித்துப் போட்டாள். பேக்கை அறைக்குள்ளேயே இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசு மாதிரியே கீதுக்கா. எங்கெங்க போய் வந்துச்சு?"

"மைசூருக்கு. ரெண்டு நாள்."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இவ்ளோ நல்ல பேக்க வச்சிகினு ஒரே வாட்டிதான் போனீங்களா? ஏங்க்கா?"

கீறல், நூல், சக்கரம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. அவள் நீட்டிய பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, "எடுத்துட்டுப் போம்மா" என்றேன். தெருமுனை வரை அவள் இழுத்துக்கொண்டு போன சத்தம் கேட்டது.

இப்போது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தாராளமாக நடக்கலாம். நிம்மதிதான் வரவில்லை. பேக் வாங்க வந்தவள் கேட்கிறாள், மைசூர் போய் வந்த பிறகு மூன்று வருடத்தில் நீ ஒருமுறை கேட்டாயா? ஏன் போகவில்லை என்று சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், அழுதிருந்தால், நாலு நாள் பேசாமல் இருந்திருந்தால் நான் கிளம்பியிருப்பேன். நான் ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, நீ "சரிடி, அடுத்த வாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷூவை எடுத்தாய். பேக்கை விற்றுவிட்டேன். அந்தச் "சரிடி" என்னிடம்தான் இருக்கிறது.